ஒரே கதை, 11 வாரம், 16 இரவு: இரண்டு ‘மதர்’ தொடர்கள்

ஜப்பானியத் தொடர்களும் கொரியத் தொடர்களும் பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாக்கியம் எப்படியும் வந்துவிடும்: ஜப்பான்காரர்கள் அடக்கி வாசிப்பார்கள், கொரியாக்காரர்கள் அழுது தீர்ப்பார்கள். நானும் ரொம்ப நாள் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏதோ ரத்தத்தில் ஊறிய குணம் மாதிரி இதைப் பேசுவது வசதியாகவும் இருந்தது. ஒரு நாட்டு மக்களின் மனசை ஒரே வரியில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லையே!

இந்த வாக்கியம் எங்கே இடிக்கிறது என்று பார்க்க ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஜப்பானில் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை என்.எச்.கே. ஒளிபரப்பிய ‘ஓஷின்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம், 297 பகுதிகள். வறுமையில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறுமி கிழவியாகும் வரை படும் பாடு. பார்வையாளர் விகிதம் சராசரியாக 52.6 சதவீதம். நாட்டில் பாதிப் பேர் அழுதுகொண்டே பார்த்த தொடர் அது. அதைச் செய்ததும் அந்த ‘அடக்கி வாசிக்கிற’ ஜப்பான்தான். இந்தப் பக்கம் கொரியாவில் 2018-இல் வந்த ‘மை மிஸ்டர்’. கடன்சுமையில் நசுங்கும் ஒரு பெண்ணும் நடுத்தர வயதுப் பொறியாளர் ஒருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது மட்டும்தான் கதை. காதல் வசனம் கிடையாது, கட்டிப்பிடித்துக் கதறுவது கிடையாது. பாதித் தொடர் ஆட்கள் மௌனமாக நடந்து போவதிலேயே போகிறது.

ஆக, குணம் என்கிற விளக்கம் நிற்கவில்லை. பிறகு ஏன் அந்த வித்தியாசம் நம் கண்ணுக்குப் படுகிறது? ஏனென்றால் அது இருக்கத்தான் செய்கிறது. நான் அதற்கான காரணத்தைத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டிய இடம் நாட்காட்டி.

ஜப்பானியத் தனியார் தொலைக்காட்சியில் ஆண்டு நான்காகப் பிரிகிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத் தொடர்கள் தொடங்கும். ஒரு காலாண்டுக்கு ‘கூர்’ என்று பெயர். வாரம் ஒரு பகுதிதான். விளம்பரம் போக ஒரு பகுதி சுமார் 46 நிமிடம். 9, 10, 11 பகுதிகளில் கதை முடிந்தாக வேண்டும். அடுத்த காலாண்டின் தொடர் வாசலில் நிற்கிறது. கொரியாவில் வெகுகாலம் நிலைத்த வழக்கம் வேறு. வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு இரவுகள்: திங்கள்-செவ்வாய், புதன்-வியாழன், சனி-ஞாயிறு. ஒரு பகுதி ஒரு மணி நேரத்துக்கு மேல். 16 பகுதிகள் என்பது சராசரி அளவு. வரவேற்பு இருந்தால் ஒன்றிரண்டைக் கூட்டிவிடுவதும் உண்டு.

‘ஹனா யோரி டாங்கோ’வை நினைத்துப் பாருங்கள். காமியோ யோகோ வரைந்த மாங்கா. ஜப்பானில் 2005-இல் 9 பகுதிகளாகவும், 2007-இல் இரண்டாம் பருவம் 11 பகுதிகளாகவும் வந்தது. அதே கதையைக் கொரியாவின் கே.பி.எஸ். 2009-இல் ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ என்று ஒரே மூச்சில் 25 பகுதிகளாகச் செய்தது. புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ் பேசிய அதே தொடர்தான். ஜப்பானிய நாயகனுக்கு ஒரு முறை கோபித்துக்கொண்டு போக நேரம் இருந்தது என்றால், கொரிய நாயகன் நாலு முறை கோபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதில் தேசிய குணம் எங்கே வந்தது? ஒளிபரப்பு நேரத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு இரவு வழக்கம் இன்னொன்றையும் செய்கிறது. திங்கட்கிழமை இரவு பார்த்தவர் செவ்வாய்க்கிழமை திரும்பி வர வேண்டும். அதனால் ஒற்றைப்படைப் பகுதிகளின் கடைசி நிமிடத்தில் யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார்கள். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகப் பழைய காட்சிகள் பாட்டோடு திரும்பத் திரும்ப ஓடும். நாம் ‘மிகையுணர்ச்சி’ என்று பெயர் வைத்ததில் பாதி இந்த வேலைதான்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது சுலபமான கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு ஜோடித் தொடர்கள் என்னை இங்கே நிற்க விடவில்லை. இனிமேல் சொல்வதில் முழுக் கதையும் முடிவும் வருகிறது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். அவசரம் இல்லை.

‘மதர்’ ஜப்பானின் நிப்பான் டிவியில் 2010 ஏப்ரலில் தொடங்கியது. 11 பகுதிகள். எழுதியவர் சகாமோட்டோ யூஜி. 1991-இல் ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’ எழுதியவர், 2023-இல் ‘மான்ஸ்டர்’ படத்துக்காகக் கான் விழாவில் திரைக்கதை விருது வாங்கியவர். கொரியப் பதிப்பு டிவிஎன் கேபிள் சேனலில் 2018 ஜனவரி முதல் மார்ச் வரை, புதன்-வியாழன் இரவுகளில், 16 பகுதிகளாக வந்தது. எழுதியவர் ஜங் சோ-கியங். இயக்குநர் பார்க் சான்-வூக்கோடு சேர்ந்து ‘தி ஹேண்ட்மெய்டன்’ எழுதியவர். இரண்டு பேருமே தங்கள் தொழிலில் உச்சத்தில் இருப்பவர்கள் என்பதால் ஒப்பிடுவது நியாயமாகவும் இருக்கும். ஒரு வேடிக்கை: இந்தக் கொரிய ‘மதர்’ முடிந்த அடுத்த வாரமே அதே சேனலில் அதே நேரத்தில் வந்து உட்கார்ந்த தொடர்தான் மேலே சொன்ன ‘மை மிஸ்டர்’.

கதை இதுதான். நாவோ ஒரு தற்காலிக ஆசிரியை. பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவள், அந்த வேலை போய் ஹொக்கைடோவின் முரோரான் ஊர்ப் பள்ளிக்கு வந்திருக்கிறாள். குழந்தைகளை அவ்வளவாகப் பிடிக்காது. வகுப்பில் ரேனா என்று ஒரு சிறுமி. வீட்டில் அம்மாவும் அம்மாவின் காதலனும் அவளைக் கொடுமைப்படுத்துகிறார்கள். ஒரு குளிர்கால இரவில் ரேனாவைக் குப்பைப் பையில் கட்டி வெளியே போட்டிருப்பதை நாவோ பார்க்கிறாள். குழந்தை கடலில் விழுந்து இறந்துவிட்டதாக ஊர் நம்பும்படி செய்துவிட்டு, ரேனாவை அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். புதுப் பெயர் ட்சுகுமி. வலசை போகிற ஒரு பறவையின் பெயர். சட்டத்தின் கண்ணில் இது ஆள்கடத்தல். நாவோவும் சிறுவயதில் பெற்ற தாயால் கைவிடப்பட்டு, வேறொரு தாயால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவள். கொரியப் பதிப்பில் பெயர்கள் மாறுகின்றன. நாவோ சூ-ஜின் ஆகிறாள், ரேனா ஹே-னா ஆகிறாள், ட்சுகுமி யுன்-போக் ஆகிறாள். குப்பைப் பை, கடல், பறவைகள், தனக்குப் பிடித்தவற்றையெல்லாம் குழந்தை எழுதிவைக்கும் நோட்டு எல்லாமே அப்படியே இருக்கின்றன.

கணக்குப் போட்டால் ஜப்பானியப் பதிப்பு சுமார் எட்டரை மணி நேரம். கொரியப் பதிப்பு ஏறத்தாழ அதைப் போல இரண்டு மடங்கு. கூடுதலாகக் கிடைத்த நேரத்தை ஜங் சோ-கியங் என்ன செய்தார்?

முதலில், அம்மாவின் காதலன். ஜப்பானியத் தொடரில் இவன் சின்னப் பாத்திரம். அயானோ கோ நடித்திருக்கிறார். அருவருப்பு வரும், ஆனால் கதை அவனைத் தாண்டிப் போய்விடும். கொரியாவில் இவன் சோல்-ஆக். சன் சுக்-கு நடித்திருக்கிறார். இவனுக்கு ஒரு கடந்த காலம் கிடைக்கிறது: அவனும் சிறுவயதில் கொடுமையை அனுபவித்தவன். பிறகு அவன் குழந்தையைத் தேடிக் கிளம்புகிறான், கடத்துகிறான், பணம் கேட்கிறான். பல பகுதிகள் ஒரு குற்றத் தொடர் மாதிரி ஓடுகின்றன. மூச்சுப் பிடித்துப் பார்க்கலாம், மறுக்கவில்லை. புதன்கிழமை பார்த்தவர் வியாழக்கிழமை கட்டாயம் வருவார்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஜப்பானியத் தொடரில் அந்த நேரம் பெற்ற தாய் ஹிதோமிக்குப் போகிறது. ஓனோ மாச்சிகோ நடித்த இந்தப் பாத்திரத்தை நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, ஆரம்பத்திலிருந்து காட்டுகிறார்கள். கணவனை இழந்த இளம்பெண். குழந்தை மேல் கொள்ளைப் பிரியம். தனியாக வேலைக்குப் போகிறாள், தனியாக வளர்க்கிறாள். களைப்பு ஏறுகிறது. உதவிக்கு யாரும் இல்லை. சின்னச் சின்னச் சறுக்கல்களாக, எந்த நாளில் அது நடந்தது என்று சொல்ல முடியாதபடி, அந்தப் பிரியமான அம்மா நாம் முதல் பகுதியில் பார்த்த அம்மாவாக மாறியிருக்கிறாள். பார்க்கவே சங்கடமாக இருக்கும். அவளை மன்னிக்கச் சொல்லவில்லை தொடர். இது ஏதோ ஒரு மிருகத்தின் வேலை என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாமல் செய்கிறது. கொரியத் தாய் ஜா-யங்குக்கும் பின்கதை உண்டு. ஆனால் பயங்கரத்தின் எடை முழுவதும் சோல்-ஆக் பக்கம் சாய்ந்துவிடுகிறது. துரத்திவரும் ஒருவனைப் பார்த்துப் பயப்படுவது சுலபம். அசந்துபோன ஒரு தாயைப் பார்த்துப் பயப்படுவதுதான் கஷ்டம். இந்த இடத்தில் ஜப்பானியத் தொடர்தான் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது, இறப்பு. இரண்டு பதிப்பிலும் ஒரு தாய் இறக்கிறாள். யார் என்பதுதான் மாறுகிறது. ஜப்பானில் இறப்பவள் நாவோவைப் பெற்றவள், ஹனா. தனாகா யூகோ நடித்த அந்த வயதான பெண் எதையும் கேட்காமல், ஓரமாக நின்று குழந்தைக்கு உதவுகிறாள். ‘மறதிக்கார அம்மா’ என்கிற பொருளில் குழந்தை அவளுக்குச் செல்லப் பெயர் வைக்கிறது. கடைசிப் பகுதியில் அவள் சத்தமில்லாமல் போய்ச்சேர்கிறாள். கொரியாவில் இறப்பவள் சூ-ஜினை வளர்த்தவள், யங்-ஷின். லீ ஹே-யங் நடித்தது. பெரிய நடிகை, கம்பீரமானவள், புற்றுநோயோடு போராடுகிறவள். பெறாத பிள்ளைக்காகக் கடைசி வரை சண்டை போடுகிறாள். முன்னதில் ரத்த உறவு சமாதானமாகிறது. பின்னதில் ரத்தம் இல்லாத உறவு உரிமை கோருகிறது. இதைப் பார்த்தபோது நான் கவனிக்காமல் விட்டது, கொரிய முடிவுக்கு இது அஸ்திவாரம் என்பதை.

சரி, முடிவுக்கு வருவோம். இரண்டிலும் அவர்கள் பிடிபடுகிறார்கள். குழந்தை காப்பகத்துக்குப் போகிறது. இரண்டிலும் குழந்தை தொலைபேசியில் அழைத்து, இன்னொரு தடவை என்னைக் கடத்திக்கொண்டு போங்கள் என்று கேட்கிறது. ஐந்து வயதில் ஆஷிடா மனா அந்தக் காட்சியை நடித்ததைப் பார்த்து ஜப்பானே அழுதது என்றால் ஆச்சரியமில்லை. ‘அடக்கம்’ எல்லாம் அங்கே காற்றில் பறந்துவிடுகிறது. கொரியாவில் நடித்த ஹோ யுலும் சளைத்தவள் இல்லை. அவளுக்கு அந்த ஆண்டு பேக்சாங் விருது கிடைத்தது.

அந்த வேண்டுகோளுக்கு என்ன பதில் என்பதில்தான் தொடர்கள் பிரிகின்றன.

ஜப்பானில் குழந்தை தனியாக டோக்கியோவுக்கு வந்துவிடுகிறாள். சில நாள் சேர்ந்திருக்கிறார்கள். பிறகு நாவோ தானே அவளைக் காப்பகத்துக்குத் திருப்பி அழைத்துப் போய் விட்டுவிட்டு வருகிறாள். 20 வயதான ட்சுகுமி படிப்பதற்காக ஒரு கடிதம் எழுதித் தருகிறாள். அந்தக் கடிதத்தோடு தொடர் முடிகிறது. முதல் முறை பார்த்தபோது எழுந்திருக்க முடியவில்லை. இதைவிட அழகாக ஒரு தொடரை முடிக்க முடியாது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

கொரியாவில் பிரிவோடு நிற்கவில்லை. ஆண்டுகள் ஓடுகின்றன, பிறகு சூ-ஜின் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்கிறாள். இருவரும் ஒரே வீட்டில் தாயும் மகளுமாக வாழ்கிறார்கள். நான் உதட்டைச் சுழித்தேன். ‘பார், கடைசியில் சேர்த்து வைத்துவிட்டார்கள். 16 பகுதி அழுதவர்களுக்கு மிட்டாய்’ என்றுதான் தோன்றியது.

அந்த எண்ணம் மாறியது 20 என்கிற எண்ணைப் பற்றி யோசித்தபோது. ஏன் 20? ஜப்பானில் 2010-இல் ஒருவர் சட்டப்படி பெரியவராகும் வயது அது. 2022 ஏப்ரலில்தான் 18 ஆகக் குறைத்தார்கள். அதாவது கடிதத்தில் இருப்பது கவிதையான ஏதோ ஒரு ‘என்றாவது ஒருநாள்’ என்று நினைக்க முடியாது. காப்பாளர் யாருடைய அனுமதியும் இல்லாமல் அந்தப் பெண் நாவோவைப் பார்க்க வரக்கூடிய முதல் வயது அது. சகாமோட்டோ சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

வேறு வழி இருந்ததா என்றும் பார்க்கலாம். ஜப்பானில் பெற்றோருடனான சட்ட உறவை முற்றிலும் துண்டிக்கும் ‘சிறப்புத் தத்து’ முறை 1987 சட்டத்திருத்தத்தால் வந்தது. அது திருமணமான தம்பதிக்கு மட்டும்தான். 2010-இல் பொதுவாக 6 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும்தான். 15 வயதுக்குள் என்று அதைத் தளர்த்தியது 2020-இல். சாதாரணத் தத்து என்றால் 15 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்காகச் சம்மதிக்க வேண்டியவர் சட்டப்படியான காப்பாளர், பொதுவாகப் பெற்றவர். நாவோ தனியாள், குழந்தையைக் கடத்தியதாகத் தண்டனை பெற்றவள். கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. ஆக அந்த முடிவின் அழகு, சாத்தியிருக்கும் கதவின் முன்னால் மரியாதையாக உட்கார்ந்து காத்திருப்பதன் அழகு.

காத்திருப்பது யார்? ரேனாவுக்கு 7 வயது என்று வைத்தால், இன்னும் 13 ஆண்டுகள். நாவோ 13 ஆண்டு காத்திருப்பது வேறு. பெரியவர்கள் தாங்குவார்கள். 7 வயதுக் குழந்தைக்கு 13 ஆண்டு என்பது அதுவரை வாழ்ந்ததைப் போல ஏறத்தாழ இன்னும் இரண்டு ஆயுள். குப்பைப் பையிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட குழந்தை அது. தொலைபேசியில் அவள் கேட்டதற்கு, 20 வயதில் வா என்பது பதிலா? நான் அழுதது உண்மை. ஆனால் நான் அழுதது என் இடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. காப்பகத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு இல்லை.

கொரிய முடிவையும் அந்த நாட்டின் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கொரியப் போருக்குப் பிறகு அந்த நாடு சுமார் 2 லட்சம் குழந்தைகளை வெளிநாடுகளுக்குத் தத்து கொடுத்து அனுப்பியிருக்கிறது. தங்கள் பெற்றோரைத் தேடி வளர்ந்த பிள்ளைகள் திரும்பி வருவதை அந்தச் சமூகம் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2012-இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட தத்துச் சட்டம், தத்துக்கு நீதிமன்ற அனுமதி கட்டாயம் என்றது. இந்தப் பின்னணியில் 2018-இல் ஒரு தொடர், நாட்டுக்குள்ளேயே, தனியாக வாழும் ஒரு பெண், ஏழெட்டு வயது தாண்டிய ஒரு குழந்தையை, சட்டத்தின் வழியாகவே மகளாக்கிக்கொள்வதாக முடிகிறது. நான் மிட்டாய் என்று சொன்னது இதைத்தான். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சூ-ஜின் இன்னொரு முறை கடத்தவில்லை. சட்டத்தை வணங்கி விலகிப் போகவும் இல்லை. வரிசையில் நின்று, மனு போட்டு, காத்திருந்து, குழந்தை குழந்தையாக இருக்கும்போதே வாங்கிக்கொண்டு வருகிறாள்.

அந்த நீண்ட மனு வேலைக்கு 11 பகுதியில் இடம் கிடைத்திருக்காது. வாரம் இரண்டு இரவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று வந்ததால்தான் பிரிவுக்கு அப்புறமும் என்ன என்ற கேள்வி எழுந்தது. கடத்தல், துரத்தல் என்று எந்தக் கூடுதல் நேரம் கொரியத் தொடரைக் கெடுத்ததோ, அதே கூடுதல் நேரம்தான் இந்த முடிவையும் கொடுத்திருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. வடிவம் தானாக எதையும் எழுதிவிடாது. நிரப்ப வேண்டிய நேரத்தைத் தருகிறது. அதில் வில்லனை ஓடவிடுவதா, மனு போடவைப்பதா என்பது எழுதுகிறவர் கையில். ஜங் சோ-கியங் இரண்டையும் செய்திருக்கிறார்.

ஆக என் தீர்ப்பு, இப்போதைக்கு: பெரியவர்களை ஜப்பானிய ‘மதர்’ ஆழமாகப் புரிந்துகொள்கிறது. குறிப்பாக, நாம் புரிந்துகொள்ள விரும்பாத அந்தத் தாயை. குழந்தை பக்கம் நிற்பது கொரிய ‘மதர்’. எது சிறந்த கலைப்படைப்பு என்று கேட்டால் இன்றைக்கும் ஜப்பானியப் பதிப்பைத்தான் சொல்வேன். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னாலேயே இன்னொரு கேள்வி இருக்கிறது என்பதைக் கொரியப் பதிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது. அடக்கத்தை நாம் ரசிக்கிறோம். அந்த அடக்கத்துக்கான செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது?

இந்தக் கதை துருக்கி, பிரான்ஸ், ஸ்பெயின் என்று பல நாடுகளில் மறுபடி எடுக்கப்பட்டிருக்கிறது. துருக்கியில் 33 பகுதிகள்! ஒவ்வொரு நாட்டுக் குழந்தைக்கும் அந்தத் தொலைபேசி அழைப்புக்கு என்ன பதில் கிடைத்தது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இப்போதைக்கு இரண்டு பார்க்க நேரம் இருப்பவர்கள் ஜப்பானியப் பதிப்பை முதலில் பாருங்கள். அதன் முடிவில் நன்றாக அழுதுவிட்டு, உடனே கொரியப் பதிப்பைத் தொடங்காதீர்கள். ஒரு வாரம் கழியட்டும். அந்த ஒரு வாரம் ரேனா எங்கே தூங்கினாள் என்று மட்டும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.